பன்னிரண்டாவது எபினேசர்

வியாசர்பாடி எபினேசர் ஒரு கால்பந்து கிளப்பை விட்டுக் கிளம்பும்போதெல்லாம், இன்னொரு எபினேசர் அங்கேயே தங்கிவிடுவார். இருபது வருஷத்தில் பதினோரு கிளப். எவன் காலை உடைத்துக்கொண்டானோ அவன் இடத்தில் இவரை நிறுத்துவார்கள். அப்படியே கோல்கீப்பர் முதல் ஃபார்வர்டு வரை எல்லா இடத்திலும் ஆடிவிட்டார். பெயர்தான் ஒருவருக்கும் நினைவில்லை.

நாற்பத்தொரு வயதில், பனி பெய்யும் ஒரு நாட்டில் கோச் வேலை கிடைத்தது. போய்ப் பார்த்தால் மைதானத்தில் நின்ற பதினோரு பேரும் எபினேசர்கள். "எல்லாரும் உங்கள் ஊர்க்காரர்கள், பேச்சுக்குச் சிரமமில்லை" என்றார் கிளப் செயலாளர்.

கூப்பிடுவதுதான் தொல்லை. "எபி, பாஸ் பண்ணு" என்றால் பதினோரு பேரும் காலை வீசினார்கள். இவர் காலும் வீசியது. ஒவ்வொருவனுக்கும் அவன் ஆடிய ஊரின் பெயரை வைத்தார்: கொல்லம், கோழிக்கோடு, ஷில்லாங். சில நாள் காலையில் கண்ணாடிக்கு முன் நின்று, இது எந்த ஊர் என்று வெகுநேரம் யோசிப்பார்.

அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தால் வேலை நிரந்தரம். ஓர் இடத்திலாவது தங்கிப் பார்க்க வேண்டும் என்று எபினேசருக்கு ஏக்கமாக இருந்தது. ஆனால் பையன்கள் யாரும் பையைப் பிரிக்கவே இல்லை. அவரும் பிரித்ததில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பதினோரு பேரும் பையோடு வந்து நின்றார்கள்.

"சார், அம்மாக்கு உடம்பு சரியில்ல. ஊருக்குப் போவணும்" என்றான் கொல்லம்.

பதினோரு கோச்சுகளிடம் அவரே விட்ட புளுகு அது. "டேய், என்கிட்டயேவா? காலைலதான் பேசினேன். அம்மா குத்துக்கல்லாட்டம் கீது."

"எங்ககிட்டயும் பேசிச்சு சார். மீன் கொழம்பு வெக்கிதாம்" என்றான் ஷில்லாங்.

"ஒரு மேட்ச்சுடா. கெஞ்சிக் கேக்கறேன்."

பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். டிக்கெட் எடுத்த பிறகு அவரும் அப்படித்தான் பார்ப்பார். தங்கிவிட்டவர்களுக்கு இன்னொருவரை விட்டுப்போகும் வசதி கிடையாது. போனால் முழுசாகப் போவார்கள். போனார்கள்.

மறுநாள் நடுவர் பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு எதிரணி ஜெயித்ததாக அறிவித்தார். செயலாளர் கைகுலுக்கினார். எபினேசர் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்து, வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார். மைதானத்தில் யாரும் தங்கியிருக்கவில்லை. அவரும் முழுசாகத்தான் கிளம்பியிருந்தார். அப்படியானால் தான் எந்த எபினேசர் என்று விமானம் இறங்கும்வரை குழம்பிக்கொண்டே வந்தார்.

வியாசர்பாடி வீட்டு வாசலில் பதினோரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. உள்ளே மீன் குழம்பு வாசனை. அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"பதினோரு பேரு உள்ள கீறாங்கப்பா. நீ சப்ஸ்டிட்யூட்டு. வெளிய இரு, எவனாவது எந்திரிச்சா கூப்பிடறேன்."

எபினேசர் பையை இறக்கினார். முதல்முறையாக அதைப் பிரித்து, பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, சந்தில் முன்னும் பின்னுமாக ஓடத் தொடங்கினார். எதிர்வீட்டுக்காரர் விசிலை வாயில் வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று விரலால் காட்டினார்.