செவலையைக் கட்டிப்போட்டவள்

லெட்சுமி தன் கையாலேயே செவலையைக் கட்டிப்போட்டாள். சுங்கை பினாங் ஆறு கரையுடைத்து அத்தாப்பு ஓலைக் குடிசைகளுக்குள் புகுந்த காலையில், ஆட்களை ஏற்ற வந்த படகில் நாய்க்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவிழ்த்துவிட்டால் படகின் பின்னாலேயே நீந்திவந்து களைத்து முழுகிப்போகும் என்று பயந்து, வீட்டு நடுத்தூணில் கயிற்றைச் சுற்றி இறுக்கி முடிந்தாள். அப்போது வீட்டுக்குள் தண்ணீர் கணுக்காலளவுதான். மாலைக்குள் வடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

வடியவில்லை. மழையும் விடவில்லை, கடலும் ஏறி நின்றது. ஆற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. ஊருக்குள் மேட்டிலிருந்த அரிசிக் கிடங்கு ஒன்றில் அவர்களைத் தங்கவைத்தார்கள். அவள் புருஷன் சுப்பையா, மாட்டுவண்டிக்காரன், காய்ச்சலில் சாக்குகளின்மேல் சுருண்டு கிடந்தான். யாரோ கொண்டுவந்து கொடுத்த சோற்றை லெட்சுமி அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். முடிச்சை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் போட்டிருக்கலாமே என்பதே அவள் நினைப்பாக இருந்தது.

மழை விட்ட பிறகு ஜபருல்லாவைத் தேடிப் போனாள். கப்பலிலிருந்து துறைக்குச் சரக்கு இறக்கும் சம்பான்காரர் அவர். யாரும் கூப்பிடாமல் தன் சம்பானைக் கொண்டுவந்து ஆட்களை ஏற்றிக் கரைசேர்த்தவர். ஏற்ற ஆளில்லை என்று மற்றப் படகுகள் துறைக்குத் திரும்பியும் அவர் மட்டும் போகாமல் நின்றிருந்தார். கூரைகளின் மேலிருந்து நாய்கள் குரைப்பது காதைவிட்டுப் போக மாட்டேனென்கிறது என்று துடுப்புக்காரன் அய்யாக்கண்ணுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். லெட்சுமி விஷயத்தைச் சொன்னதும் சம்பானின் கட்டை அவிழ்த்தார்.

"ஏறு தங்கச்சி. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

கிடங்கிலிருந்து அவள் கிளம்பும்போதே, மனுஷனே செத்து மிதக்கும்போது நாயைத் தேடிப் போகிறாயா என்று சுப்பையா முனகியிருந்தான்.  லெட்சுமி படகில் ஏறிவிட்டாள்.

அவள் தினம் நடந்த சந்தின்மேல் படகு போயிற்று. கூரை முகடுகள்தான் தெரிந்தன. தண்ணீரில் பாய், சட்டி, ஊதிப்போன கோழிகள். அவள் வீட்டுக் கூரை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. அய்யாக்கண்ணு அத்தாப்பை விலக்கி உள்ளே இறங்கினான். வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கயிறு அறுந்து கிடக்கிறது, ஓடிப்போயிருக்கும் என்றான்.

"பொய் சொல்லாதீங்கண்ணே," என்றாள் லெட்சுமி.

செவலையை மேலே கொண்டுவந்தார்கள். ஜபருல்லா தான் தலையில் போட்டிருந்த கோணிச்சாக்கை எடுத்து அதன்மேல் மூடினார். லெட்சுமி அழவில்லை. சாக்கின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

படகைத் திருப்பும்போது பக்கத்துக் கூரையிலிருந்து உறுமல் கேட்டது. எதிர்வீட்டுக் குணவதியின் நாய். அய்யாக்கண்ணு கையை நீட்டியதும் பல்லைக் காட்டியது. லெட்சுமி எழுந்து நின்று, "வீரா, இங்க வா," என்றாள். அது வாலை ஒடுக்கிக்கொண்டு படகில் இறங்கி, அவள் காலடியில் நடுங்கிக்கொண்டு படுத்தது.

அதன்பிறகு அவள் திரும்பிப் போகலாம் என்று சொல்லவேயில்லை. அந்தச் சந்தில் எந்த நாய் எந்த வீட்டுடையது என்று அவளுக்குத் தெரியும். ஆண்களைக் கண்டு சீறியவை அவள் குரலுக்கு வந்தன. பூனைகளைக் கூடையில் போட்டார்கள். ஆடு ஒன்று கிடைத்தது. தென்னை உச்சியில், தேங்காய் பறிக்கப் பழக்கிய குரங்கு ஒன்று சங்கிலி மட்டையில் சிக்கிக்கொண்டு கிடந்தது. அவிழ்க்கப் போன அய்யாக்கண்ணுவின் விரலைக் கடித்துவிட்டது. மறுநாளும் போனார்கள். கரையேறும் ஒவ்வொரு தடவையும் ஜபருல்லா, நாயின் ஈரம் பட்டால் மார்க்கம் சொல்லும் முறைப்படி, மண் தொட்டுக் கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டார். பிறகு மறுபடி ஈர நாய்களைத் தூக்கினார்.

கிடங்குக்குள் பிராணிகளை விடமாட்டோம் என்றார்கள். ஆற்றோரம் மேடாயிருந்த, கைவிடப்பட்ட செங்கல் சூளைக் கொட்டகையில் கட்டினார்கள். ஜபருல்லாவின் மச்சான் யூசுப் தன் சாப்பாட்டுக் கடையில் மிஞ்சிய சோற்றைக் கொடுத்தனுப்பினான். குணவதி வந்து வீராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். குரங்குக்காரரும் வந்தார். மற்றபடி வந்தவர்கள் குறைவு. சிலர் தங்கள் நாயைப் பார்த்துவிட்டு, நமக்கே கூரையில்லை என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். சில வீடுகளில் வருவதற்கு ஆளே மிஞ்சவில்லை.

வெள்ளத்துக்குப் பின் வெறிநாய் பயம் ஊரில் பரவியது. கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாய்களைச் சுடச் சொல்லி உத்தரவு என்று, ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர், துப்பாக்கிக்காரர் இருவருடன் சூளைக்கு வந்தார். தமிழர்தான். எல்லாம் என் நாய் என்றாள் லெட்சுமி. வில்லை எங்கே என்று கேட்டார். வெள்ளத்தில் போய்விட்டது என்றாள். அவள் சத்தமாகப் பேசப் பேச, கொட்டகையின் பின்னால் ஜபருல்லாவும் அய்யாக்கண்ணுவும் நாய்களை ஒவ்வொன்றாகச் சம்பானுக்குள் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் பேச்சை நிறுத்தவில்லை. மழையைச் சொன்னாள், புருஷனின் காய்ச்சலைச் சொன்னாள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள்.

மண்டோர் பொறுத்துக் கேட்டார். பிறகு, "எனக்கும் ஆசையில்லம்மா. உள்ள வெச்சுச் சுட்டா கண்டபடி அடிபடும். நீ கூப்பிட்டா வருமாமே, கூப்பிட்டுடு லா," என்றார்.

அவள் கூப்பிடவில்லை. மாட்டேன் என்றுதான் கத்தினாள். ஆனால் சம்பானில் ஏறாமல் திமிறிக்கொண்டிருந்த கிழட்டுப் பெட்டை ஒன்று அந்தக் குரலைக் கேட்டு அய்யாக்கண்ணுவின் பிடியிலிருந்து நழுவி, கொட்டகைக்குள் ஓடி, வாசல் வழியாக நேரே அவளிடம் வந்தது. அவள் சேலையில் முகத்தைத் தேய்த்தது. தள்ளி நில் என்றார்கள். அவள் நிற்கவில்லை. ஒருவர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

ஒரே வெடிதான்.

அந்தச் சத்தத்துக்கு அப்புறம் கொட்டகையில் தேடினார்கள். பூனைகளும் ஆடும்தான் இருந்தன. மண்டோர் ஆற்றுப்பக்கம் பார்த்தார். சம்பான் வெகுதூரம் போய்விட்டது, கரையில் அய்யாக்கண்ணு மட்டும் நின்றிருந்தான். மண்டோர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜபருல்லா நாய்களைக் கடல் தாண்டி அக்கரைக்குக் கொண்டுபோய், கெப்பாலா பத்தாஸ் பக்கம் வயல் காவலுக்கு வேண்டுமென்று கேட்டவர்களிடம் விட்டுவிட்டு வந்தார். வழியில் இரண்டு செத்துப்போனதையும் மறைக்காமல் சொன்னார். லெட்சுமி தலையாட்டினாள்.

கிழட்டுப் பெட்டையைச் செவலைக்குப் பக்கத்திலேயே, சூளைக்குப் பின்னால், அவளும் அய்யாக்கண்ணுவும் புதைத்திருந்தார்கள். தண்ணீர் முழுதாக வடிந்ததும் சுப்பையா அதே இடத்தில் புதுத் தூண் நட்டுக் கூரை போட்டான். யாராவது நாய்க்குட்டி கொண்டுவந்து கொடுத்தால் அவள் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். பிறகு குணவதி வீட்டில் கொடுத்துவிடுவாள். அடுத்த வருஷம் மழை பிடித்தபோது ஆறு கரைவரைக்கும் வந்தது. லெட்சுமி குடையில்லாமல் இறங்கி, சந்தில் வீடு வீடாகப் போய், கட்டிப்போட்டிருந்த எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள்.