குளக்கட்டில் நிற்கும் இரண்டு எஞ்சின்கள்

"ஆனையிறவிலை வெள்ளம் மிதிபலகைக்கு மேலை ஏறினது. மற்ற வாகனமெல்லாம் நிண்டிட்டுது. என்ரை எஞ்சின் ஒருக்கால் எண்டாலும் இருமேல்லை."

"உண்மைதான் அத்தான், இருமேல்லை. செத்தது எப்பிடி இருமும்? உப்பளத்து லொறியெல்லோ கயிறு கட்டிப் பரந்தன்மட்டும் இழுத்துக்கொண்டு வந்தது."

"கயிறு இருந்ததுதான். அது லொறிக்காரனுக்கு வழித்துணைக்கு."

வெள்ளத்தையும் வென்ற பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டவர் வீரகத்தி. பச்சைப் பிக்கப்பின் சொந்தக்காரர். கயிற்றை நினைவுபடுத்தியவன் அவருடைய மனைவியின் தம்பி தவராசா. சாம்பல் நிறப் பிக்கப் அவனுடையது. இரண்டும் டீசல் எஞ்சின். இரண்டும் முரசுமோட்டைக் குளக்கட்டின் மேலே, இறங்குபாதையின் உச்சியில், மூக்கு கீழ்நோக்கியபடி, சில்லுக்கு முன்னால் ஆளுக்கொரு கல்லை அணைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நின்றன.

இந்த இரண்டு மாவீரர்களுக்கும் நடுவே, மருத மரநிழலில், முள்ளிவாய்க்கால் மீன் வியாபாரி யோசெப் குடையை ஊன்றிக்கொண்டு நின்றான். இரண்டில் ஒன்றை வாங்குவதற்குத்தான் அவன் காலை பஸ்ஸில் வந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து புது வாகனங்கள் வருவது அருகிப்போன அறுபதுகள் அவை. உள்ளதுக்குள் நல்லதைப் பார்த்துப் பொறுக்க வேண்டியிருந்தது.

அவனுக்கு வேண்டியது வெள்ளத்தைக் கடக்கும் வீரமல்ல. பிற்பகலில் வள்ளங்கள் கரைக்கு வரும். மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கியதும் வண்டி கிளம்ப வேண்டும். பரந்தன் ஸ்டேஷனில் கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும். போன மாதம் வாடகை லொறி கடற்கரையிலேயே கிளம்ப மறுத்துவிட்டது. அன்றைக்கு அறக்குளா மீனை மனிதர்களைவிடக் காகங்களே அதிகம் தின்றன. இன்னொரு தடவை மீன் நாறினால் வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவோம் என்று வள்ளக்காரர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள். புறப்படும்போது மனைவி மரியமலர் சொன்னது அதைவிடச் சுருக்கம்: "வண்டி வாங்கப் போறியள். கதையை வாங்கிக்கொண்டு வராதேங்கோ."

கதைக்கோ இங்கே பஞ்சமே இல்லை.

"தம்பி, என்ரை எஞ்சின் உழவு மெசினுக்கெண்டு செய்தது," என்றான் தவராசா. "இண்டைக்கு வரைக்கும் ஒரு மெக்கானிக்கும் அதைத் திறந்து பாக்கேல்லை."

"திறக்கத்தான் பாத்தாங்கள்," என்றார் வீரகத்தி. "நட்டெல்லாம் கறள் பிடிச்சுத் திறக்கேலாமல் கிடக்கு. மச்சான் அதை ஒரு தகுதியாச் சொல்லுறான்."

"அத்தான்ரை எஞ்சின் நல்ல எஞ்சின், நான் குறை சொல்லேல்லை. டீசலைவிட ஒயில் கூடக் குடிக்கும். ஆனா அதிலை ஒரு லாபம் இருக்கு. பின்னாலை வாற புகையிலை வயலிலை கடிக்கிற நுளம்பு முழுக்கச் செத்துப்போகும்."

"உன்ரை எஞ்சின்ரை சத்தத்துக்கு நுளம்பு சாகாது. பக்கத்து வீட்டுக் கிழவர்தான் சாவார்."

உலகத்தில் எவ்வளவோ பெரிய யுத்தங்கள் இதைவிடச் சிறிய காரணங்களுக்காக நடந்திருக்கின்றன. யோசெப் கடலோடு பழகியவன். ஆதலால் பொறுமையாக நின்றான். கடைசியில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கிய இடைவெளியில், ஒரு கேள்வியை நுழைத்தான்.

"ஏன் அண்ணை, வீட்டு வளவிலை நிப்பாட்டாமல் இதை இவ்வளவு தூரம் கட்டுக்கு மேலை கொண்டுவந்து விட்டிருக்கிறியள்?"

"காத்துக்கு," என்றார்கள் இருவரும்.

காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அத்தான் மச்சானைப் பார்த்தார். மச்சான் குளத்தைப் பார்த்தான்.

"டீசல் எஞ்சினுக்குக் காத்துப் பிடிக்கோணும்," என்று வீரகத்தி பெரிய மனதோடு விளக்கினார். "இல்லாட்டி உள்ளுக்குப் புழுங்கிப் போகும்."

"ஓம், அத்தான் சொல்லுறது சரி," என்றான் தவராசா. சொந்தத் தமக்கையின் கலியாணத்துக்குக்கூட அவன் இவ்வளவு விரைவாகச் சம்மதம் சொன்னதில்லை.

பேச்சை வளரவிடாமல் வீரகத்தி பச்சைப் பிக்கப்பில் ஏறினார். தவராசா, கேட்காமலே, கல்லை உருட்டி விலக்கினான். பச்சை, சத்தம் போடாமல், ஒரு நல்ல பிள்ளையைப் போலச் சரிவில் உருண்டது. பாதி வழியில் கியர் விழுந்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது, கரும்புகை எழுந்தது, எஞ்சின் இடிமாதிரி முழங்கியது. கீழ்ப்பாதையால் சுற்றிக்கொண்டு மறுபடி குளக்கட்டில் ஏறி, பழைய இடத்திலேயே வந்து மூக்கைத் தாழ்த்தி நின்றது. பிறகு சாம்பல் உருண்டது. இம்முறை கல்லை விலக்கியவர் வீரகத்தி. அதுவும் பாதி வழியில் குலுங்கியது, புகைந்தது, முழங்கியது, திரும்பி வந்தது.

"பாத்தியளே, ஒரே குலுக்கிலை," என்றார் வீரகத்தி.

"என்ரை அரைக் குலுக்கிலை," என்றான் தவராசா.

இரண்டு முழக்கமும் யோசெப்பின் நெஞ்சுக்கு இதமாகத்தான் இருந்தன. பச்சையே நல்லதென்று மனம் சாய்ந்தது. பெட்டிகள் அடுக்க இடம் தாராளம். வீரகத்தி கையை நீட்டினார். யோசெப்பும் நீட்டினான். நீட்டிய கை பாதியில் நிற்க, அவனுடைய கண் காலடியில் விழுந்தது.

இறங்குபாதையில் இரண்டு சோடிச் சில்லுத்தடங்கள், வருடக்கணக்காக உருண்டு, கணுக்கால் ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தன. தடம் கல்லிருந்த இடத்தில் தொடங்கியது. அந்தக் கற்களின் முகமும் உரசி உரசி மழமழவென்றிருந்தது. அவன் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தான். நாலு திசையிலும் வயல், உள்ளங்கைபோலத் தட்டை. இந்தக் குளக்கட்டைத் தவிர ஒரு மேடு கிடையாது. பிறகு முள்ளிவாய்க்காலை நினைத்தான். மணல், மணல், அதற்கப்பால் கடல். அங்கே உயரமான இடமென்று தேடினால் மாதா கோயில் படிகள்தான். அதன்மேல் பிக்கப்பை ஏற்றச் சுவாமியார் சம்மதிக்க மாட்டார்.

நீட்டிய கையை அவன் மெதுவாகக் குடைப்பிடியில் வைத்துக்கொண்டான். முகத்தில் கோபமில்லை. குரலும் கோயிலில் பேசுவதுபோலப் பணிவாகவே வந்தது.

"அண்ணை, எனக்கு ரெண்டும் பிடிச்சிருக்கு. எங்கடை கரையிலை காத்து நல்லா வீசும், அதிலை ஒரு குறையும் வராது. ஒண்டே ஒண்டுதான். கீழை உங்கடை நெல்லுச் சூடடிக்கிற களம் சமமாக் கிடக்கு. ரெண்டு வண்டியையும் அதிலை கொண்டுபோய் நிப்பாட்டி, எஞ்சினையும் நிப்பாட்டிப்போட்டு, நாங்கள் மூண்டு பேரும் ஆறுதலா இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பம். குடிச்சு முடிய, ஒருத்தரும் தள்ளாமல், நிண்ட இடத்திலையே ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவியளோ?"