பேச்சாளர் ஒன்று

...இருநூறு சொற்கள், ஒவ்வொன்றும் மும்முறை, ஆக அறுநூறு தடவை அவள் வாய் திறந்திருக்கிறாள், அந்த அறுநூற்றில் ஒன்றுகூட என்னிடம் சொன்னதில்லை என்று எண்ணியபடியே பேராசிரியர் பலகையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார், பின்னால் முதலாண்டு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொது மொழியியல் அறிமுகம், ஆறாவது வாரம், பேச்சொலிகளைத் திரையில் பார்த்து அளக்கும் பாடம். பதினெட்டு ஆண்டுகளாக இந்த வாரத்தில் இந்த அறையில் ஒலிப்பது அவர் மனைவியின் குரல்தான், அவள் இருந்தவரை அதை ஒரு பொருட்டாக நினைத்தாரா? இப்போது அவள் போய் ஐந்து மாதம். நேற்று மாலை மகள் தொலைபேசியில் கேட்டாள், "அப்பா, அம்மா சும்மா பேசுற மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா? எதுவா இருந்தாலும் பரவால்ல, என்னைத் திட்டுறதா இருந்தாக்கூடப் போதும்." இருக்கும்மா, ஆபீஸ்ல இருக்கும், தேடி அனுப்புறேன் என்று சொல்லிவிட்டார். படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போகிறவள் மனைவி, வீட்டில் ஒரு வரி கிடையாது. இன்று காலை ஏழு மணிக்கே துறைக்கு வந்து பழைய கணினி, மேசை அறைகள், தூசி படிந்த வட்டுகள் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டியாகிவிட்டது, அகப்பட்டது அவள் வாசித்த அந்தச் சொற்பட்டியல் ஒன்றுதான்... எழுபத்துநாலாவது சொல் 'மகள்'. இப்போது மகள் என்று சொல்கிறேன். வானிலை அறிக்கை வாசிப்பவரின் குரல். அதை அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தார், பிறகு அப்படி நினைத்ததற்கே கூசிப்போனார்.

குரலா இல்லாமல் போயிற்று, பதினெட்டு ஆண்டுக்கு முன் பதிவு செய்த அன்றைக்கு? வளாக நூலகத்தில் அவளுக்கு வேலை, மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பையோடு பதிவறைக்கு வந்தாள், நான்கு சுவரிலும் பஞ்சு ஒட்டிய பெட்டி போன்ற அறை, விசிறி சுற்றினால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்தியிருந்தார், அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "காத்து இல்லாத ரூமுக்குக் கூட்டிட்டு வந்து கதவு, சன்னல்னு சொல்லச் சொல்றீங்களே, திறந்து விட்டாத்தான் என்ன?" என்றாள், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகச் சொல்லும்மா என்று அவர் கெஞ்சினார். எல்லாச் சொல்லும் 'இப்போது இன்னது என்று சொல்கிறேன்' என்ற ஒரே வாக்கியச் சட்டத்துக்குள் வர வேண்டும், அப்போதுதான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியும், இது இந்தத் தொழிலின் ஒழுங்கு. முதல் வகுப்பில் ஆண்டுதோறும் அவர் ஒரு கதை சொல்வதுண்டு, ஆற்றை ஆராயப் போனவன் ஒரு பானைத் தண்ணீர் மொண்டு வந்து வீட்டுக்குள் வைத்து, மூன்று நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, ஆறு ஓடுகிறது என்பது வெறும் வதந்தி என்று எழுதினானாம், பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் கதையை அவளுக்கும் சொல்லியிருந்தார், நூறு சொல் முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு அவள் கேட்டாள், "ஏங்க, அந்தப் பானைக்காரன் நீங்கதானே?" அவர் சிரித்தார், அன்று மாலையே அந்தக் கேள்வியையும் சிரிப்பையும் தண்ணீர் குடித்த ஓசையையும் வெட்டி எடுத்தார். சொற்களுக்கு நடுவே அவள் பேசியதெல்லாம் குப்பை. நான்கு வயது மகளின் பள்ளிச் செருப்பைப் பற்றி ஏதோ, அவளைக் கூப்பிடும் அந்தச் செல்லப் பெயரோடு... கணினியில் இடம் போதவில்லை, முழுப் பதிவையும் அழித்துவிட்டுச் சுத்தமான அறுநூறு துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார். மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள் என்று மாணவர்களுக்கு எழுதிப் போடுகிறவர் அவர்தான், அந்த ஞானம் எந்த ஆண்டு வந்தது?

வகுப்பு அடங்கியிருந்தது. பேச்சாளர் ஒன்று, பெண், வயது முப்பத்திரண்டு என்று வழக்கம்போல் சொன்னார், குரல் நடுங்கவில்லை, அதுவே அவருக்கு வியப்பாக இருந்தது. நூற்று நாற்பத்து மூன்றாவது சொல்லை ஒலிக்கவிட்டார், இப்போது நிழல் என்று சொல்கிறேன், திரையில் அலைக்கோடு மேடும் பள்ளமுமாக ஓடி நின்றது. இந்த மேடு உயிரொலி, இந்தப் பள்ளம்... இரண்டாம் வரிசையில், எப்போதும் கடைசியாக வந்து சேரும் மாணவி கையைத் தூக்கினாள். "சார், எல்லாம் முடிஞ்சப்புறம் ஓரத்துல லேசா கறை மாதிரி ஒண்ணு இருக்கே, அது என்ன?" அது இரைச்சல், விட்டுடும்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தார், எத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்த பதில், ஆனால் விரல்கள் தாமாகவே அந்த ஓரத்தைப் பெரிதாக்கின, ஒலியைக் கூட்டின, ஒலிக்கவிட்டன. கால் நொடி. மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை, அவ்வளவுதான்.

"ஏதோ சொல்ல வர்றாங்க சார்," என்றாள் மாணவி. "ஆனா சொல்லல."

"அவங்க சொல்லிருப்பாங்க, சார் வெட்டிட்டாரு," என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது, நல்ல பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும், அவரும் சிரிக்க முயன்றார், உதடுகள் ஒத்துழைக்கவில்லை. என்ன சொன்னாள்? பானைக்காரனும் செருப்பும் நினைவிருக்கின்றனவே, இது ஏன் வரவில்லை? பசிக்கிறது என்றாளா, மணி என்ன என்றாளா, நீங்கள் சாப்பிட்டீர்களா என்றாளா... அந்த மேசை, காதை மூடிய கருவி, ஒவ்வொரு சொல் முடிந்ததும் எண்ணைக் குறிக்கக் குனிந்த தன் தலை, எல்லாம் துல்லியமாக வருகின்றன, அவள் உதடுகள் மட்டும் ஓசையின்றி அசைகின்றன. மறந்துபோகவில்லை, அவருக்கு மெல்ல உறைத்தது, மறப்பதற்கு முதலில் காதில் வாங்கியிருக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்க சார்," என்றாள் மாணவி. போட்டார். முப்பத்தெட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள், சட்டத்துக்கு வெளியே அவள் விட்டுப்போனது இந்தக் கால் நொடிதான், பட்டியலில் இல்லாதது, யாரும் சொல்லச் சொல்லாதது, இதை அனுப்பிவிடலாம், இது நிச்சயமாக அவள்தான், மகளுக்கும் தெரிந்துவிடும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், திரும்பத் திரும்பக் கேட்பாள், பிறகு கூப்பிடுவாள், கூப்பிட்டு, அப்புறம் அம்மா என்னப்பா சொன்னாங்க என்று...