இடது ஓரத்தில் ஆளில்லை

தேசப்பன் இறங்கினால் ஜெயிக்கும் வாய்ப்பு ரூபாய்க்குப் பன்னிரண்டணா, இறங்காவிட்டால் நாலணா. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் டீக்கடையில் கால்பந்தாட்டத்துக்கு முன்பு இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். அணா வழக்கொழிந்து ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்கு அதுதான் அளவு. அவனுக்குச் சளி பிடித்த சேதி வந்தால்கூடக் கணக்கு இறங்கிவிடும்.

மஞ்சள் காமாலையில் அவன் செத்துப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. காரியத்தன்று தொழிற்சாலை டீமின் கேப்டன் ராஜமாணிக்கம் தேசப்பன் வீட்டுக்கு வந்தான். இறுதி ஆட்டத்தில் பத்துப் பேரோடுதான் இறங்குவோம், தேசப்பன் ஓடிய இடது ஓரத்தில் யாரையும் நிறுத்தமாட்டோம் என்று தேசப்பனின் தங்கை சந்திரகலாவிடம் சொல்லிவிட்டு அழுதான். அம்மா செல்லியம்மாளுக்குப் பந்தாட்டம் புரியாது. சந்திரகலா மட்டும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினாள்.

ஆட்டத்தன்று ஆரம்பாக்கத்திலிருந்து தனியாக ரயிலேறி வந்தாள். பெண்கள் அதிகம் வராத மைதானம். வேலியோரமாக ஒதுங்கி நின்றாள். வெளியே சொல்ல முடியாத ஓர் ஆசை அவளுக்கு இருந்தது. தோற்க வேண்டும். அவன் இல்லாமல் முடியவில்லை என்று ஊர் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எதிர்த்து ஆடிய திருவள்ளூர்க்காரர்கள் அந்தக் காலி இடத்தின் வழியாகவே பந்தைக் கொண்டுவந்தார்கள். சீக்கிரமே ஒரு கோல் விழுந்தது. பக்கத்தில் நின்றவர், "தேசப்பன் இல்லாத டீம் ஒரு டீமாப்பா? ரெண்டணா கூடத் தேறாது" என்றார். சந்திரகலாவுக்கு அழுகை வந்தது. கூடவே நெஞ்சும் குளிர்ந்தது.

இடைவேளையில் ராஜமாணிக்கம் அவளைத் தேடி வந்தான். முழங்காலில் ரத்தம். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"கலா, பசங்க மூச்சு வாங்கிக்கினு கீறாங்க. பத்து பேரால முடியலம்மா. எக்ஸ்ட்ரா ஆளு கோபாலு ரெடியா கீறான், ரெப்ரீயும் ஒத்துக்கினாரு. நீ சொன்னா அந்த எடத்துல எறக்கறேன்."

"வேணாம்னா?"

"இப்படியே ஆடிட்டுத் தோத்துட்டுப் போறோம். உனக்குக் குடுத்த வாக்கு."

அவள் மைதானத்தைப் பார்த்தாள். அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவன் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றால் இவர்கள் எழுந்து அப்படியே ஓடுவார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எறக்குண்ணா."

கோபால் தேசப்பனைப் போல ஆடவில்லை. கால் மாற்றித் தட்டி ஏமாற்றும் வித்தை அவனுக்கு வராது; தலையைக் குனித்துக்கொண்டு நேராக ஓடினான். அதுவே போதுமாக இருந்தது. ஓரம் அடைபட்டது. முதலில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் கோபால் தூக்கிவிட்ட பந்தை ராஜமாணிக்கம் தலையால் முட்டி உள்ளே தள்ளினான்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. கோபாலைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சந்திரகலா கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். வேறு பெயர் எதுவும் காதில் விழவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வீட்டில் அம்மா சோற்றுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்டாள். ஜெயித்துவிட்டார்கள் என்றாள் சந்திரகலா.

செல்லியம்மாள் கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் இல்லாமயா?"