பாலத்தின் மேல் நாலு பட்டன் டயர்

1

இந்தக் கதை எனக்கு உதித்தது ஒரு டயர்க் கடை வாசலில். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை உதிக்க கடற்கரை, மழை வழியும் ஜன்னல் என்று கௌரவமான இடங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன. எனக்கு வாய்த்தது ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்குத் திரும்பும் முனையில், ரப்பர் வாசனைக்கு நடுவில், பாதி ஆறிய டீயோடு.

என்னிடம் பிக்கப் கிடையாது. கார் கிடையாது. ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, பின் டயர் வழுக்கை. ஆனால் உலகத்தில் உள்ள ஆஃப்ரோடு டயர் அத்தனையும் எனக்குத் தெரியும். பாலைவனத்தில் ஓட்டிப் பார்க்கிறவர்கள், சேற்றில் இறக்கிப் பார்க்கிறவர்கள், டயரை ரம்பத்தால் அறுத்து உள்ளே எத்தனை அடுக்கு என்று காட்டுகிறவர்கள், எல்லாருடைய வீடியோவையும் பார்த்திருக்கிறேன். தட்டில் சோறு காய்ந்துபோகிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் பாலகணேஷ் என்னைத் தேடினான். பள்ளியில் என் பெஞ்சுக்காரன், இப்போது அடையாறில் வாட்டர் கேன் போடுகிறான். போன் செய்திருக்கிறான், ஆனால் புது நம்பர். தெரியாத நம்பரை நான் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்க மாட்டீர்கள், லோன் வேணுமா சார் என்பார்கள். இரண்டு முறை கட் செய்தேன். மூன்றாவது முறை ஆளே வந்து நின்றான்.

"போன எடுக்க மாட்டியா? பெரிய மந்திரி இவுரு. மச்சி, பிக்கப்புக்கு டயர் மாத்தணும். ஸ்ட்ராங்கா. ஆஃப்ரோடு. எது போடலாம் சொல்லு."

இருபத்தேழு வயதில் முதல்முறையாக ஒருவன் என்னிடம் ஆலோசனை கேட்கிறான். கதை எழுதாமல் என்ன செய்வேன்?

(உங்களிடம் கார் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கதைக்காக ஒன்று வாங்கித் தருகிறேன். சின்னது, வெள்ளை நிறம். ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிறுத்தத் தெரிந்தால் போதும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாலகணேஷ் தன் பிக்கப்பின் டயரை மெல்லத் தடவினான். அவன் கண்களில்

வேண்டாம். டயரைத் தடவுகிறவனின் கண்களில் என்ன தெரியும், டயர்தான் தெரியும்.

இரண்டாவது முயற்சி: "ஊருக்கெல்லாம் தண்ணீர் கேன் போட்ட அங்கமுத்து, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்."

இது நல்ல வாக்கியம். (இலக்கணம் கொஞ்சம் இடறுகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.) நல்ல வாக்கியம் என்பதுதான் சிக்கல். தண்ணீர் விற்றவருக்குத் தண்ணீர் தடை! நானே உட்கார்ந்து செதுக்கிய மாதிரி இருக்கிறது. சத்தியமாக நான் செதுக்கவில்லை. அவருடைய கிட்னி செதுக்கியது.

சரி, அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். அங்கமுத்து, பாலகணேஷின் அப்பா. அவன் கூப்பிடுவது நைனா. வாரத்துக்கு மூன்று நாள் மயிலாப்பூரில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போக வேண்டும். ஒரு நாள் தவறினால் உடம்பில் நீர் ஏறும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். கேன் இறக்கிய பிக்கப்பில் மகன்தான் கூட்டிப்போவான். போன மழைக்கு அப்படித்தான் போனார்கள். மந்தைவெளியில் தண்ணீருக்கு அடியில் யாரோ தோண்டிப் போட்ட பள்ளம், பள்ளத்தில் ஒரு கம்பி. கம்பி டயரின் பக்கவாட்டில் ஏறி அதைக் கிழித்துவிட்டது. ஸ்டெப்னி மாட்ட ஜாக்கி வைத்தால் ஜாக்கியே தண்ணீருக்குள் போனது. மறுநாள்தான் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இரவு முழுக்க அங்கமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார், பாலகணேஷ் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் அது நடக்கக் கூடாது. அவ்வளவுதான் கதை. அதற்குத்தான் டயர்.

3

டயர்க் கடை அஸ்மத்துன்னிசாவுடையது. நாற்பது வயது இருக்கும். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஆளின் நடையைப் பார்த்து வாங்குகிறவனா வேடிக்கை பார்க்கிறவனா என்று சொல்லிவிடுவார். நாங்கள் போனது மூன்றாவது தடவை.

"தோ வந்துட்டாங்க. டயர் பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? ஒவ்வொரு தபாவும் வர்ற, தொட்டுப் பாக்குற, வூட்ல கேட்டு சொல்றேன்ற."

"இன்னிக்கி முடிச்சிட்லாம்க்கா" என்றான் பாலகணேஷ்.

"வண்டி எங்க ஓட்ற?"

"அடையாறு, மைலாப்பூரு, டி. நகரு."

"அத்துக்கு இன்னாத்துக்குப்பா இந்த பட்டன்* டயரு? எந்த காட்டுக்குப் போற?"

"டிசம்பர்ல வந்து பாருக்கா, எங்க தெருவே காடுதான்."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். "மட் டெரெய்ன் போட்டா சேத்துல நல்லா புடிக்கும், ஆனா ரோட்ல சத்தம், சீக்கிரம் தேயும். ஆல் டெரெய்ன்னா ரெண்டுக்கும் நடுவுல. நமக்கு முக்கியம் பட்டன் இல்ல, சைடு வால். மூணு அடுக்கு இருக்கணும்."

அஸ்மத்துன்னிசா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அல்லாம் கரெக்டாதான் சொல்ற. நீ இன்னா வண்டி வெச்சிகினு கீற?"

"ஸ்கூட்டர்."

"வாசல்ல நிக்குதே, அத்தா? பின்னால கம்பி தெரியுது நைனா. மொதல்ல அத மாத்து."

பாலகணேஷ் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். அழுத்தினால் அமுங்காது, அது அவனுக்கும் தெரியும். "க்கா, கம்பி குத்துனா தாங்குமா?"

"இன்னா கம்பி, எவ்ளோ பெரிசு, எங்கேந்து குத்துச்சுன்னு எனக்கெப்படி தெரியும்? பழைய டயர வுட தாங்கும். அவ்ளோதான் சொல்வேன். எழுதிலாம் குடுக்க மாட்டேன்."

நாலு ஆல் டெரெய்ன், தடித்த பக்கவாட்டு. முடிந்தது.**

* டயரின் மேல் கட்டைகட்டையாக நிற்கும் ரப்பர். 'ட்ரெட்' என்று வீடியோவில் சொல்வார்கள். கடையில் அப்படிச் சொன்னால் கூடுதலாகக் கேட்பார்கள்.

 ** வெள்ளத்தில் வண்டிகள் பெரும்பாலும் நிற்பது டயரால் இல்லை, இன்ஜினுக்குள் தண்ணீர் போவதால். இது எனக்குத் தெரியும். புது டயரைப் பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் இதைச் சொல்ல எவனுக்கு மனசு வரும்?

4

டயர் வந்ததில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அங்கமுத்துதான். நாலு டயருக்கும் குங்குமம் வைத்தார். அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தானே ஓட்டி நசுக்கினார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்து பட்டனுக்கு இடையில் மாட்டிய கல்லையெல்லாம் குச்சியால் நெம்பி எடுத்து, கழுவி, துடைப்பார். நாலு டயருக்கும் அவர் ஊற்றிய தண்ணீரை அவர் ஒரு வாரம் குடிக்கலாம். (பார்த்தீர்களா, மறுபடியும் அந்த வாக்கியத்தின் வாசனை. அடக்கிக்கொள்கிறேன்.)

பிறகு ரெட் அலர்ட் வந்தது.

அன்று மதியம் நானும் பாலகணேஷும் என் வழுக்கை டயர் ஸ்கூட்டரில் டி. நகருக்குப் போனோம். எதற்கு? கயிறு வாங்க. வண்டி எங்காவது மாட்டிக்கொண்டால் இழுக்க, கொக்கி வைத்த பெல்ட் கயிறு. வீடியோவில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள். யோசனை என்னுடையதுதான். திரும்பி வரும்போது தூறல் பிடித்துவிட்டது. தெருவுக்குள் நுழைந்தால் பிக்கப் நிற்கிற இடம் காலி. பிக்கப் மட்டுமில்லை, தெருவே காலி. ஒரு கார் இல்லை.

அங்கமுத்து வாசலில் நாற்காலி போட்டு, வெற்றி பெற்றவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நைனா, வண்டி எங்க?"

"மேல கீது."

"எந்த மேல?"

"பாலத்து மேலதான்டா. தெருவுல கீற அல்லா வண்டியும் மேல ஏத்திட்டாங்க. நம்புளுது மட்டும் நின்னுகினு இருக்குமா? நானே எடுத்துகினு போயி நிறுத்திட்டு வந்தேன். சூப்பர் எடம். நட்ட நடுவுல."

மழை எச்சரிக்கை வந்தால் சென்னைக்காரன் முதலில் பால் வாங்க மாட்டான், மெழுகுவத்தி வாங்க மாட்டான். காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவான். இது எங்கள் ஊர் வழக்கம். உங்களுக்கும் தெரியும், நீங்களும் செய்திருப்பீர்கள்.

பாலகணேஷ் கையிலிருந்த கயிறு மெல்லக் கீழே இறங்கியது. "நைனா… தண்ணில போறதுக்குத்தான நைனா அந்த டயரே போட்டோம்!"

"தண்ணில போறதுக்குத்தான். அத்துக்குன்னு தண்ணில வுட்டுடுவியா?"

பாலகணேஷ் கயிற்றை அவர் மடியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"நான் போயி எடுத்துகினு வந்துட்றேன்."

உள்ளேயிருந்து அவன் அம்மா கோவிந்தம்மா குரல் கொடுத்தார்: "ரோட்ல ஒரு சொட்டு தண்ணி நிக்கல, அத்துக்குள்ள இன்னா அவசரம்? நனைஞ்சிகினு வந்துகீற. காலைல போயி எடு. மொதல்ல துன்னு."

துன்னோம். நானும் அங்கேயே தங்கிவிட்டேன்.

5

இங்கே நிறுத்துகிறேன். அங்கமுத்து மேல் எனக்குச் சந்தேகம். அந்த வண்டியும் டயரும் தன்னைத் தூக்கிக்கொண்டு போகத்தான் என்று தெரிந்த மனுஷன், அதைப் பாலத்தில் விட்டுவிட்டு நடந்து வருவாரா? வாசகர் நம்ப மாட்டார். ஆகவே மாற்றி எழுதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப்போனதாக ஒரு தடவை. சாவியைத் தொலைத்ததாக ஒரு தடவை. போலீஸ் வந்து

எதுவும் ஒட்டவில்லை. தெருவில் வேறு யாருக்காவது அந்தத் தப்பு நடக்கலாம், ஆனால் குச்சியால் கல் நெம்பிய ஆளுக்குத்தான் அது பொருந்துகிறது. அவர் தன்னைக் காப்பாற்ற மறக்கவில்லை. தன்னைக் காப்பாற்றப்போகிற பொருளை முதலில் காப்பாற்றினார். நடுவில் இருந்த ஒன்றரை கிலோமீட்டரைத்தான் மறந்துவிட்டார்.

6

காலையில் தெருவில் தொடையளவு தண்ணீர். பதினோரு மணிக்கு டயாலிசிஸ். சென்டரில் போனை எடுத்தார்கள்: திறந்திருக்கிறோம், எப்படியாவது வந்துவிடுங்கள். மீட்புப் படகு கேட்டால், வேறு தெருவுக்குப் போயிருக்கிறது, வரும் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கமுத்துவுக்கு ஏற்கனவே முகம் உப்பியிருந்தது.

எங்களிடம் இருந்தது கேன் போடுகிற பழைய மீன்பாடி வண்டி. மூன்று சக்கரம், சைக்கிள் டயர், அதில் பட்டனும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. அதன் மேல் காலிக் கேன்களைக் கட்டி (புதுக் கயிற்றால்தான் கட்டினோம்), அங்கமுத்துவை ஏற்றி உட்காரவைத்துப் பாலம் வரைக்கும் தள்ளினோம். அவர் ஒரு கையால் குடை பிடித்துக்கொண்டு, "லெப்ட்ல பள்ளம், லெப்ட்ல பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

(வெள்ளத்தைக் கடந்தது எந்த டயர் என்று கவனித்தீர்களா? நான் எதுவும் சொல்லவில்லை.)

பாலத்தின் மேல் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி கார்கள். இரண்டு வரிசை. நட்ட நடுவில் எங்கள் பிக்கப். இடது பக்கம் கைப்பிடிச் சுவர், வலது பக்கம் ஒரு கார், பின்னால் ஒரு ஸ்கூல் வேன், முன்னால் ஒரு வெள்ளைக் கார். முன்கார் நகர்ந்தால் போதும், அப்படியே இறங்கிவிடலாம். அந்தப் பக்கம் மயிலாப்பூர் வரைக்கும் முட்டிக்குக் கீழேதான் தண்ணீர் என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

டயர்கள் நாலும் பளபளவென்று இருந்தன. குங்குமம்கூடக் கரையவில்லை.

அங்கமுத்துவை சீட்டில் ஏற்றினோம். சாய முடியவில்லை, முன்னால் குனிந்து டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். "நல்ல எடம்னு நெனச்சேன்டா" என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

"அட வுடு நைனா. நீ நிறுத்தலன்னா நான் நிறுத்தி இருப்பேன்" என்றான் பாலகணேஷ். பொய்தான்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மச்சி, இந்த டயரு பாறை மேல ஏறும்ல?"

"ஏறும்."

"காரு மேல?"

அந்த வீடியோவும் பார்த்திருக்கிறேன்.

7

முடிவுகள்.

பாலகணேஷ் கியர் போட்டு, கார் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போகிறான். இது டயர் விளம்பரம். வேண்டாம்.

மீனவக் குப்பத்துப் பையன்கள் ஃபைபர் படகோடு வருகிறார்கள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. ஆனால் அவர்கள் இப்போது வேறு தெருவில் வேறு யாருடைய அப்பாவையோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் கதைக்காக அவரை இறக்கிவிட முடியாது.

நாங்கள் இரண்டு பேரும் அந்த வெள்ளைக் காரைத் தூக்கி நகர்த்துகிறோம். முயற்சி செய்தோம். ஹாண்ட்பிரேக். சைரன் மட்டும் நன்றாக அடித்தது.

அங்கமுத்து

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

பாலகணேஷ் அந்த வெள்ளைக் காரின் கண்ணாடியில் கையை வைத்து, மழைத்தண்ணீரைத் துடைத்து உள்ளே பார்க்கிறான். டேஷ்போர்டில் ஒரு துண்டுச் சீட்டு. "அவசரம் என்றால் கூப்பிடவும்." கீழே ஒரு போன் நம்பர். நல்ல மனுஷர், எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சின்ன கார். வெள்ளை நிறம். நான் வாங்கித் தந்ததுதான். நீங்கள் நேற்றே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் கதை படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவன் நம்பரைப் போடுகிறான். உங்களுக்கு அது தெரியாத நம்பர்.

அடிக்கிறது.