கிறிஸ்துமஸ் செடிக்குக் காவல்

என் மகன் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, எங்கள் வாசல் கிறிஸ்துமஸ் செடி முதன்முதலில் பூப்பதைக் கோயில் குடிலுக்குத் தருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். தெருவுக்கே தெரியும். பிள்ளை பிழைத்தான். அதற்குப் பிறகு என் உயிரை வாங்கியவர் என் வீட்டுக்காரர் தானியேல்தான்.

துரை பங்களாவிலிருந்து கொம்பு வாங்கி வந்து நட்ட செடி. பனிக்காலம் வந்தால் நுனி இலைகள் சிவந்துவிடும். எல்லோரும் பூ என்பது அந்த இலைகளைத்தான். நிஜப் பூ நடுவில் மஞ்சளாக, மிளகளவு இருக்கும். சுவரோரம் ஆளுயரம் வளர்ந்து, பாதிச் செடி பக்கத்து வீட்டு வஹீதாவின் வாசலுக்குள் சாய்ந்து தொங்கியது.

வஹீதா ஆடு வளர்த்தாள். இவருக்கு அது போதாதா? ஆம்பூர் தோல்ஷாப்பில் தோல் உலர்த்தும் களத்துக்கு இவர்தான் மேஸ்திரி. அங்கே காயும் தோலுக்குக் காவலாக விடிய விடிய விளக்கு எரியும். அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து, செடிக்கு மேலே அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டார். ஒடித்தால் பால் வடிகிற செடியை எந்த ஆடும் தின்னாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். வஹீதா என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். வீட்டுப் பக்கம் காவல் விளக்கு கட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. பங்களாவில் செடிகள் எல்லாம் சிவந்திருக்க, எங்கள் வாசலில் ஒரே பச்சை. நேர்ந்தது தவறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அழுதேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வஹீதா கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தேன். சுவர் மறைத்து விளக்கு வெளிச்சம் படாத அந்தப் பாதி செக்கச்செவேல் என்று இருந்தது. அடியில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. ஓர் இலைகூடக் குறையவில்லை.

"ராத்திரியெல்லாம் விளக்கு எரிஞ்சா நமக்கே தூக்கம் வர்ல, அது எப்டி பூக்கும்? புள்ளைக்கு நேர்ந்ததாச்சே, எடுத்துட்டுப் போ சவுரிம்மா" என்று, கையெல்லாம் பால் வடிய அவளே ஒடித்துக் கொடுத்தாள்.

இனியாவது இவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். கொத்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூவெல்லாம் அந்தப் பக்கம்தான் வந்துகீது. நாளைலேர்ந்து விளக்கை அங்க மாட்டணும்" என்றார்.

நான் கோயிலுக்குப் போய், பூவோடு விளக்கையும் குடிலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.