இடப்பக்கம் திருப்பும்போது

எல்லாரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்து மூன்று. ஏழு மாதமாக அக்கா வீட்டில், துணி காயப்போடும் அறையில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறான். ஊரில் நாலு வருஷம் பட்டறையில் வண்டி கழற்றி மாட்டியவன். இந்த நாட்டில் அந்த அனுபவம் செல்லாது என்று சொல்லிவிட்டதால் கார் கழுவும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறான். இதெல்லாம் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். போன சனிக்கிழமை அத்தானிடம் அவன் ஏன் அப்படிக் கத்தினான் என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது.

அக்காவின் கார் ஐந்து வாரமாகச் சத்தம் போட்டது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. வளைவில் மட்டும் டக் டக் டக் என்று, யாரோ கல்லைக் கடிக்கிற மாதிரி. அத்தான் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

"இப்போ கேக்குதா?"

"கேக்கல" என்றாள் அக்கா.

"அப்புறம் என்ன, சரியாப் போச்சு!"

அத்தான் தையல்காரர். கோட்டுக் கை சுருக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. காரைப் பற்றியும் அதே தைரியத்தோடு பேசுவார். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் திங்கட்கிழமை அக்காவுக்குப் புது வேலை. வீடு வீடாகப் போய் நோயாளிகளின் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. கார் பாதி வழியில் நின்றாலோ, வீட்டிலிருந்து இறங்கும் மலைச்சரிவு ரோட்டில் பின்னால் லாரி வரும்.

சனிக்கிழமை காலையில் நெட்டை சாவியை எடுத்துக்கொண்டு, மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முன்னால் இருந்த வெற்று மைதானத்துக்கு இருவரையும் கூட்டிப்போனான்.

"அக்கா, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சுக்கிட்டு மெதுவா வட்டம் போடு. ரேடியோவை அணை."

வலது பக்கம் வட்டம். சத்தமே இல்லை. இடது பக்கம் ஒடித்ததும் டக் டக் ஆரம்பித்தது. அவன் குனிந்தபடி வண்டியோடு ஓடினான்.

"இடது பக்கம் திருப்பினாத்தானே சத்தம்? அப்போ இடது சக்கரம்தான். இதுக்கு ஓட்டப்பந்தயம் வேறயா மச்சான்?" என்றார் அத்தான்.

"இல்ல அத்தான். இடது பக்கம் திரும்புறப்ப பாரமெல்லாம் வலது சக்கரத்து மேலதான் விழும். வலது பக்க மூட்டுதான் போயிருக்கு."

"அது இருக்கவே இருக்காது. அந்தப் பக்கம் ரப்பர் மாத்தியாச்சு."

சக்கரத்துக்குச் சுழற்சி கொடுக்கும் ஆக்சிலின் முனையில் ஒரு மூட்டு. அதன் கிரீஸ் வெளியே போகாமல், மண் உள்ளே வராமல், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் டயர் மாற்றியபோது, வலது உறை கிழிந்திருக்கிறது என்று கடையில் சொன்னார்கள். பட்டறையில் மாற்றிவிட்டேன் என்று அத்தான் சொன்னார். அதை நம்பித்தான் நெட்டையும் இத்தனை நாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

தையல்!

கறுப்பு நைலான் நூலில், ஒரே அளவில், அழகான இரட்டைத் தையல். ஊசி குத்திய துளைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, தையலை ஒட்டியே ரப்பர் வாய் பிளந்திருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை. மணல் இருந்தது.

"அத்தான், இது என்ன கோட்டுக் கையா?"

அத்தானும் குனிந்து பார்த்தார். "ஒரு தையல் பிரிஞ்சிருக்கா சொல்லு. ரப்பர்தான் கிழிஞ்சிருக்கு."

"பட்டறைல மாத்தினேன்னு சொன்னீங்களே?" அக்கா இறங்கி வந்திருந்தாள். குரல் மெதுவாகத்தான் வந்தது.

அத்தான் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். நெட்டைக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஊசி பிடிக்கிற கையை வண்டியில வைக்காதீங்க! இவ அஞ்சு வாரமா இதுல போய்ட்டு வந்திருக்கா. மூட்டு கழண்டு வண்டி நடுரோட்டுல நின்னிருந்தா? அதையும் தைச்சிருப்பீங்களா?"

"ரொம்பப் பேசாதடா. ஞாயித்துக்கிழமை தவறாம இந்தச் சக்கரத்தைக் கழுவுனது யாரு? நீதானே! உன் கண்ணு எங்கே போச்சு?"

அது சரியான அடி. சக்கரத்தின் உட்புறம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்ததை அவன் இரண்டு தடவை பார்த்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினான். எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. நாலு வருஷம் பட்டறையில் கிடந்தவன், ஏழே மாதத்தில் வெறும் கழுவுகிறவனாகிவிட்டான். அதை நினைக்க நினைக்க அத்தான் மேல் இருந்த கோபம் இரட்டிப்பானது.

உதிரிபாகக் கடை ஒரு மணிக்கு மூடும். கடைசி ஐந்து நிமிஷத்தில் ஓடிப்போய்ப் புது ஆக்சில் வாங்கினான். மூட்டுக்குள் மண் போன பிறகு உறையை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

ஞாயிறு காலையில் வாசலில் வேலை. சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நட்டு துருப்பிடித்து அசைய மாட்டேன் என்றது. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று, அத்தானை நினைத்து ஒரு குதி குதித்தான். கழன்றது. அக்கா டார்ச் பிடித்தாள். அத்தான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார், இறங்கி வரவில்லை. பழைய ஆக்சிலை நெம்பி எடுத்து, புதியதை கியர்பெட்டிக்குள் தட்டி உட்கார வைத்து, நட்டை முறுக்கி முடிக்கும்போது மூன்று மணி.

மறுபடி அதே மைதானம். இடது பக்கம் பத்து வட்டம். டயர் உரசும் சத்தம் மட்டும்தான். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"உனக்கும் அவருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்டா" என்றாள்.

"நீ மாட்டிக்க வேண்டாம். நாளைக்கு நேரத்துக்கு வேலைக்குப் போ."

அவள் திங்கட்கிழமை போனாள். ஆறு வீடு. வந்து செருப்பைக் கழற்றாமலே சோபாவில் தூங்கிவிட்டாள். அன்றைக்கே அத்தான், ஊரில் இருக்கும் நெட்டையின் அம்மாவுக்கு போன் போட்டு, "உங்க மகன் என் தொழிலைக் கேவலமா பேசிட்டான்" என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அம்மா அவனை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்.

ஊசியைப் பற்றிப் பேசியதற்குக் கேட்பான். அது தப்புதான். கழுவும்போது கவனிக்காமல் விட்டதற்கு அக்காவிடம் கேட்டுவிட்டான். ஆனால் பட்டறையில் மாற்றினேன் என்று சொல்லி அவளை அந்த ரோட்டில் அனுப்பிய பொய் இருக்கிறதே, அதற்கு அவன் கோபம் இன்னும் இறங்கவில்லை. இப்போதைக்கு இறங்காது.

இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டுங்கள். அக்காவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் அவனைத் திட்டுங்கள்.